சுண்ணாம்புத் தண்ணீரில் ஆப்பிரிக்க மீன்

அரியலூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சமையல்கட்டில் விசாரித்தால் மூன்று புகார்கள் வரிசையாக வரும். பருப்பு வேகமாட்டேன் என்கிறது, சோப்பு நுரைப்பதில்லை, வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கும் இதே தண்ணீரோடு நெடுநாள் மல்லுக்கட்டு. அமேசான் காட்டு ஓடைகளின் மென்னீரில் பழகிய நியான் டெட்ராவும் டிஸ்கஸும் இங்கே உயிரைப் பிடித்துக்கொண்டு வாழும். குஞ்சு பொரிப்பது அரிது. தண்ணீரை மாற்றப் பாடுபடுவதைவிட, ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவது புத்திசாலித்தனம். தேடிப் போனால் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளில் போய் நிற்போம். அங்குள்ள சிக்லிட் குடும்பத்து மீன்கள் காரத்தன்மை கொண்ட தண்ணீரிலேயே தலைமுறை தலைமுறையாக உருவானவை.

அரியலூர்த் தண்ணீரில் இத்தனை சுண்ணாம்பு எப்படி வந்தது? கல்லங்குறிச்சிப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டிய சுரங்கங்களின் ஓரத்தில் நின்று பார்த்தால் விடை கண்ணெதிரே தெரியும். வெட்டுமுகத்தில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக, கை அகலத்துக்குத் தடித்துக் கிடக்கின்றன. கிரைஃபியா என்ற கடற்சிப்பிகள் அவை. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தில், இந்த நிலம் ஆழமில்லாத கடலடியாக இருந்தது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிரிகளும் வெளியிடும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளித்த நீர் சிப்பிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாக நிலத்தடியில் சேர்த்துவைக்கிறது. மோட்டாரைப் போட்டதும் நம் தொட்டியில் கொட்டுவது, கரைந்துபோன அந்தக் கடற்சிப்பிகளும்தான்.

அந்தக் கடல் இங்கே இருந்த காலத்தில் இந்தியா மடகாஸ்கரிலிருந்து பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தச் செய்திக்கும் மீன் தொட்டிக்கும் தொடர்பு இருக்கிறது. சிக்லிட்டுகள் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. நம் கழிமுகங்களில் கிடைக்கும் செத்தக்கெண்டை, கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவது, ஒரு சிக்லிட்தான். இந்தியாவுக்கு வெளியே அதன் மிக நெருங்கிய உறவினர்கள் ஆப்பிரிக்க ஏரிகளில் இல்லை; மடகாஸ்கரில் இருக்கிறார்கள். நிலம் பிரிந்தபோதே இந்தக் குடும்பமும் பிரிந்ததா, அல்லது பிற்காலத்தில் கடலைக் கடந்து பரவியதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கிடைத்துள்ள மிகப் பழைய சிக்லிட் புதைபடிவம் தான்சானியாவின் மஹெங்கேயில் எடுத்தது. அதன் வயது சுமார் 4.6 கோடி ஆண்டுகள்தான். அதற்கும் முந்தைய, கிரெட்டேசியஸ் காலத்து நன்னீர்ப் படிவுகளில் ஒரே ஒரு சிக்லிட் பல் கிடைத்தால் வழக்கு தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட ஆற்றுப்படிவு ஒன்று அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் இருக்கிறது. அங்கிருந்து டைனோசர் பற்களும், மடகாஸ்கரின் சைமோசூகஸ் என்ற முதலை இனத்தை ஒத்த ஒரு பல்லும் 2013இல் ஆய்விதழ்களில் வெளியாயின. சிக்லிட் பல் இதுவரை சிக்கவில்லை. தொட்டிக்குச் சுண்ணாம்புக்கல் பொறுக்கப் போகிறவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். அம்மோனைட்டோ வேறு புதைபடிவமோ கையில் பட்டால் அதைத் தொட்டி அலங்காரமாக்க வேண்டாம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். பக்கத்துப் பெரம்பலூருக்குப் போனால் கதை மாறுகிறது. அம்மாவட்டத்தின் மேற்கே பச்சைமலை அடிவாரம் முழுக்கக் கடும்பாறை. அங்கே சுண்ணாம்புப் படிவு இல்லை. கிழக்கே காரைப் பகுதியில் கிரெட்டேசியஸ் களிமண் மேடுகள் மழையில் அரித்து வரிவரியாக நிற்கின்றன. அவற்றுக்குள் ஜிப்சம் நரம்புகள் பளபளக்கும். ஜிப்சம் என்பது கால்சியம் சல்ஃபேட். அது கரைந்தாலும் தண்ணீர் கடின நீர்தான், சோப்பு நுரைக்காதுதான். ஆனால் மீனுக்கு அது வேறு நீர். பள்ளிக்கூடத்தில் தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை என்று படித்தது இங்கே உதவிக்கு வருகிறது. பைகார்பனேட்டால் வருவது தற்காலிகம். காய்ச்சினால் வெள்ளையாகப் படிந்து போய்விடும். சல்ஃபேட்டால் வருவது காய்ச்சினாலும் போகாது. ஆப்பிரிக்க சிக்லிட்டுக்கு வேண்டியது முதல் வகை. காரணம், பைகார்பனேட் அமிலத்தை விழுங்கும். தொட்டியில் தண்ணீர் புளித்துப்போகாமல் தாங்கிப் பிடிக்கும். சல்ஃபேட்டுக்கு அந்தத் திறன் கிடையாது. பரிசோதனைப் பெட்டி வாங்கினால் மொத்தக் கடினத்தன்மை, கார்பனேட் கடினத்தன்மை இரண்டையும் தனித்தனியே பார்க்கும் பெட்டியாக வாங்க வேண்டும். முதல் எண் உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் இருந்தால் அந்தக் கிணற்றை நம்பி சிக்லிட் வாங்கக் கூடாது.

மலாவி ஏரித் தண்ணீர் மிகக் கடினமானது என்று கடைகளில் சொல்வார்கள். இது தவறு. மலாவியின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 70 முதல் 110 மில்லிகிராம் அளவுதான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவே 200. வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை அனுமதி. நம் ஊர்க் கிணறுகள் பல இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவை, அதாவது மலாவியைவிடப் பல மடங்கு கடினமானவை. மலாவியின் சிறப்பு அதன் பி.எச். அளவு: 7.7 முதல் 8.8 வரை, ஆண்டு முழுவதும் பெரிய ஆட்டம் இல்லாமல். டாங்கனிக்கா இன்னும் காரம். 9ஐ ஒட்டிப் போகும். ஆகவே தொட்டியில் கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போடுவதில் ஒரு பயனும் இல்லை. சமையலுப்பு பி.எச். அளவை உயர்த்தாது. கரைந்த திடப்பொருள் அளவு லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டும் கிணறு என்றால் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ கலந்து இறக்கிக்கொள்வது நல்லது. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள் அதற்குக் கீழே உள்ள கடினத்தைத் தாங்கிக்கொள்கின்றன.

போர் தண்ணீரைப் பிடித்த கையோடு அளந்தால் பி.எச். 7ஐ ஒட்டித்தான் காட்டும். மறுநாள் அதே வாளியை அளந்தால் 8க்கு மேல் ஏறியிருக்கும். நிலத்தடியில் அழுத்தத்தில் கரைந்திருந்த கரியமில வாயு காற்றில் பறந்துவிட்டது என்பதுதான் காரணம். அப்போதுதான் இறைத்த தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. எனவே ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒருநாள் ஓடவிட்டு, பிறகு தொட்டிக்கு மாற்ற வேண்டும். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளிலும் இதே வேலைதான். அங்கே விரட்ட வேண்டியது குளோரினை.

இப்போது, இந்தத் தண்ணீரின் மறுபக்கம். காரத்தன்மை மீனுக்கு நல்லது. அதே காரத்தன்மை அம்மோனியாவை விஷமாக்குகிறது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும்: தீங்கு குறைந்த அம்மோனியம் அயனி, செவுளை எரிக்கும் தனி அம்மோனியா. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச்.சும் வெப்பமும். 28 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இராது. பி.எச். 8 ஆனால் 6 சதவீதத்தைத் தாண்டும். 8.5 ஆனால் சுமார் 18 சதவீதம். தங்கமீன் தொட்டியில் ஓரளவு பொறுத்துக்கொள்ளப்படும் அழுக்கு, சிக்லிட் தொட்டியில் ஒரே இரவில் கூட்டச் சாவில் முடிவது இதனால்தான். புதுத் தொட்டியில் மீனை விட்ட முதல் வாரத்திலேயே எல்லாம் செத்துப்போயிற்று என்று சொல்பவர்களில் பெரும்பாலோருடைய மீன்கள் இறந்தது இந்தக் கணக்கில்.

அதனால் மீனுக்கு முன் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியேறி நிலைப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் காலம் பாதியாகக் குறையும். இந்தப் பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 கிராம் காரத்தன்மை தீர்ந்துபோகும். மென்னீர் தொட்டி இந்தச் செலவைத் தாங்காமல் திடீரென்று பி.எச். சரிந்து நிற்கும். அரியலூர்த் தண்ணீரோ சிப்பிச் சுண்ணாம்பைக் கையிருப்பில் வைத்திருக்கிறது. வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும், செலவானது திரும்ப வந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் இங்கே பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். மாடி அறையில் வைத்த தொட்டி 32 டிகிரிக்குப் போய்விடும். மலாவியின் மேற்பரப்பு நீர் 24 முதல் 29 டிகிரிக்குள் இருப்பது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3தான் பிடிக்கும், மீனுக்கோ அந்த வெப்பத்தில் மூச்சு அதிகம் வேண்டும். தொட்டியின் மேல்மூடியைத் திறந்து ஒரு சிறு விசிறியை நீர்ப்பரப்பில் அடிக்கவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது வெறும் தண்ணீர். சுண்ணாம்பும் உப்பும் உள்ளேயே நிற்கும். குறைந்ததைப் போர் தண்ணீர் கொண்டே நிரப்பிக்கொண்டு போனால் கோடை முடியும்போது தொட்டித் தண்ணீர் கிணற்றைவிடக் கடுமையாகிவிடும். ஆவியான இடத்தை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப வேண்டும். போர் தண்ணீரை வாராந்திர மாற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் சில மணி நேரம் ஓட்டம் நின்றாலே உள்ளிருக்கும் நல்ல பாக்டீரியா மூச்சுத்திணறிச் சாகத் தொடங்கிவிடும்.

தொட்டி நான்கடி நீளமாவது வேண்டும். நான்கடிக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்த்து எடை 350 கிலோவை எட்டும். சுவரோரம் வைப்பது பாதுகாப்பு. கற்களை அடிக்கண்ணாடியிலேயே, மெல்லிய தெர்மாகோல் விரித்து, முதலில் அடுக்கிவிட்டுப் பிறகு மணல் போட வேண்டும். மணல் மேல் கல்லை வைத்தால் மீன்கள் அடியைத் தோண்டிக் கல்லைச் சரித்துவிடும். உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லே போதும். எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் நுரைக்கிறதா என்று பார்த்து எடுக்கலாம். ஏற்கெனவே காரமான தண்ணீரில் அந்தக் கல் கிட்டத்தட்டக் கரையாது. தொட்டி புளிக்கத் தொடங்கும் நாளில்தான் கரைந்து கைகொடுக்கும். கற்களுக்கு நடுவே குகைகள் நிறைய வேண்டும். மலாவியின் பாறைக்கரைச் சிக்லிட்டுகளான ம்புனாக்களுக்கு ஒவ்வொரு பொந்தும் ஒரு ஆணின் சொத்து. இடம் குறைந்தால் சண்டையில் கடைசி மீன் வரை செத்துப்போகும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்று வைப்பதும், ஆணின் வெறியை ஒரே பெண் மீது விழாமல் பரப்புவதற்குத்தான்.

முதல் மீனாக எலக்ட்ரிக் யெல்லோவைச் சொல்வேன். லாபிடோக்ரோமிஸ் செருலியஸ் அதன் அறிவியல் பெயர். மலாவியின் மேற்குக் கரையில், லயன்ஸ் கோவ் என்ற சிறு வளைகுடாப் பக்கம் வாழும் மஞ்சள் வகையிலிருந்து வந்ததுதான் இன்று உலகெங்கும் தொட்டிகளில் நீந்துவது. ம்புனாக்களில் சாது. ஆணும் பெண்ணும் ஒரே மஞ்சள். ஆணுக்கு வயிற்றுப்புறத் துடுப்புகளில் கறுப்பு அழுத்தமாக ஓடும். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து மாவட்டத்துக் கடைகளுக்கு வரும் மீன்களில் இது எளிதில் கிடைப்பது.

தீனியில் கைநீட்டம் வேண்டாம். ம்புனாக்கள் பலவும் பாறையில் படர்ந்த பாசியையும் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்பவை, குடல் நீளம். அவற்றுக்கு ரத்தப்புழுவையும் இறைச்சியையும் போட்டுப் பழக்கினால் வயிறு உப்பி, வெள்ளை நூலாகக் கழிந்து, இரை எடுக்காமல் இறந்துபோகும். ஸ்பைருலினா கலந்த தீனி, வெந்நீரில் வதக்கிய கீரை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, வாரத்தில் ஒருநாள் பட்டினி. இவ்வளவுதான்.

இனி இந்த மீன்களை வளர்ப்பதன் உண்மையான பரிசு. இவை முட்டைகளை வாயில் அடைகாப்பவை. ஆண் ஒரு கல்லின் மேற்பரப்பையோ மணலையோ துப்புரவாக்கி, உடலைச் சிலிர்த்துக் காட்டிப் பெண்ணை அழைக்கிறது. இரண்டும் ஒன்றன் வாலை மற்றொன்று துரத்துவதுபோல் வட்டமிடுகின்றன. பெண் ஒன்றோ இரண்டோ முட்டைகளை இட்டு, உடனே திரும்பி வாயில் அள்ளிக்கொள்கிறது. ஆணின் விந்து இன்னும் அவற்றைத் தொடக்கூட இல்லை. அப்போது ஆண் தன் குதத்துடுப்பை மணலில் பரப்புகிறது. அந்தத் துடுப்பில் மஞ்சள் வட்டப் புள்ளிகள், அச்சாக முட்டை போலவே. பெண் அவற்றையும் அள்ளப் போகிறது; ஆண் விந்தை வெளியிடுகிறது; பெண்ணின் வாய்க்குள்ளேயே கருவுறுதல் நடக்கிறது. வோல்ஃப்காங் விக்லர் என்ற ஜெர்மானிய நடத்தையியல் அறிஞர் 1962இல் இந்தப் புள்ளிகளைப் போலி முட்டைகள் என்று விளக்கினார். புள்ளிகள் இல்லாத ஆண்களிடமும் பெண்கள் முட்டைகளைக் கருவுறச் செய்துகொள்வதும், சில இனங்களில் இந்தப் புள்ளிகள் எதிரி ஆண்களை மிரட்டவே அதிகம் பயன்படுவதும் பின்னாளில் தெரியவந்தன. விக்லர் சொன்னதற்கு மேல் கதை இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாயில் முட்டை வைத்திருக்கும் பெண்ணை அடையாளம் காண்பது கடினமில்லை. தாடைக்குக் கீழே தொண்டைப்பை புடைத்துத் தொங்கும். தீனி போட்டதும் கூட்டத்தோடு ஓடிவரும்; ஆனால் தின்னாது. நின்ற இடத்தில் எதையோ மெல்வது போல் வாயை அசைத்துக்கொண்டே இருக்கும். முட்டைகளைப் புரட்டிப் புரட்டிச் சுத்தமான தண்ணீரை அவற்றின் மேல் ஓடவிடுகிற வேலை அது. புரட்டாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஐந்தாறு நாளில் பொரிந்து, மஞ்சள்கருப் பையைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வால் மட்டும் துடிக்கும் குஞ்சுகள். 27 டிகிரி அளவில் சுமார் மூன்று வாரத்தில் மஞ்சள்கரு முழுதும் உறிஞ்சப்பட்டு, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், பார்த்தவுடன் மஞ்சள் என்று தெரியும் முழு மீனாக வெளியே வரும். எலக்ட்ரிக் யெல்லோ ஒரு ஈட்டில் தருவது பத்திலிருந்து முப்பது குஞ்சுகள். ஆயிரக்கணக்கில் முட்டையைத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் போகும் கெண்டைகளோடு ஒப்பிட்டால் இது சொற்பம். அந்தச் சொற்பத்துக்காகத் தாய் மூன்று வாரம் பட்டினி கிடக்கிறது.

பொதுத் தொட்டியிலேயே விட்டால் வெளிவரும் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். பதினைந்து நாள் கழித்து, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, அசையாமல் நிற்கும் தாயை மெல்ல வலையில் எடுத்துத் தனித் தொட்டியில் விடுவது நல்ல வழி. அவசரமாகப் பிடித்தால் பயத்தில் முட்டையைத் துப்பிவிடும், அல்லது விழுங்கிவிடும். சிலர் ஈரக்கையில் தாயைப் பிடித்து, கீழ்த்தாடையை மெல்லத் திறந்து, கிண்ணத்துத் தண்ணீரில் குஞ்சுகளைக் கொட்டச் செய்கிறார்கள். அனுபவம் உள்ள கையென்றால் அரை நிமிட வேலை; இல்லையென்றால் தாடை போய்விடும். தானாக விடட்டும் என்று காத்திருப்பதே என் விருப்பம். குஞ்சுகளுக்கு, அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிறால்களும் பொடித்த தீனியும் ஒருநாளைக்கு மூன்று வேளை. தாயை உடனே ஆணிடம் திருப்பி அனுப்பக் கூடாது. ஒன்றிரண்டு வாரம் தனியே நன்றாகத் தின்று உடம்பு தேறட்டும்.

தாயின் வாயே உலகில் மிகப் பாதுகாப்பான இடம் என்று தோன்றும். டாங்கனிக்காவில் அதற்கும் ஒரு திருடன் உண்டு. சினோடான்டிஸ் மல்டிபங்டேட்டஸ் என்ற புள்ளிக் கெளுத்தி, சிக்லிட் ஜோடி முட்டையிடும் குழப்பத்தில் புகுந்து தன் முட்டைகளையும் அங்கே இட்டுவிடும். சிக்லிட் தாய் அவற்றையும் சேர்த்தே அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரிந்து, வளர்ப்புத் தாயின் வாய்க்குள்ளேயே அதன் குஞ்சுகளைத் தின்னும். டெட்சு சாட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1986இல் இதை வெளியிட்டார். குயில் காக்கைக் கூட்டில் செய்வதை ஒரு மீன் செய்யும் என்று அதுவரை அறிவியலுக்குத் தெரியாது.

நான்கடித் தொட்டிக்கு இடமில்லாதவர்களுக்கு டாங்கனிக்கா இன்னொரு வழி வைத்திருக்கிறது. நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியேட்டஸ் என்ற சிக்லிட், வெறும் நத்தை ஓட்டுக்குள் வாழ்ந்து அதிலேயே குஞ்சு பொரிக்கும். ஆணே நான்கு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஏரியில் அது பயன்படுத்துவது நியோதௌமா என்ற நத்தையின் ஓடு. நம் நெல்வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் கிடைக்கும் வயல்நத்தை ஓடுகள் அதே வேலையைச் செய்யும். நன்றாகக் கொதிக்கவைத்து, உள்ளே ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கழுவி, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மெல்லிய மணல் பரப்பி, மேலே இருபது ஓடுகளை இறைத்துவிட்டால் போதும். இரண்டடித் தொட்டியில் ஒரு குடியிருப்பே உருவாகிவிடும். ஒவ்வொரு மீனும் தன் ஓட்டைச் சுற்றி மணலை வாயால் அள்ளித் துப்பி மதில் எழுப்புவதை எத்தனை நாள் பார்த்தாலும் சலிக்காது.

மலாவியில் 800க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். டாங்கனிக்காவில் சுமார் 250. விக்டோரியா ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வற்றிக் கிடந்தது. அதன்பின் அங்கே 500 அளவு இனங்கள் உருவாகிவிட்டன. முதுகெலும்பிகளின் வரலாற்றில் இந்த வேகத்துக்கு ஈடில்லை. நெருங்கிய இனங்கள் பலவற்றைப் பிரித்துவைப்பது மரபணு வேலி அல்ல; பெண்ணின் கண். நீல ஆணைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் ஒரு பக்கம், சிவப்பு ஆணைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் மறுபக்கம். ஓலே சீஹவுசனும் அவருடைய குழுவினரும் 1997இல் காட்டியது இது: விக்டோரியா ஏரியின் தண்ணீர் கலங்கிப்போன இடங்களில் பெண்ணுக்கு நிறம் தெரியவில்லை, தேர்வு குழம்பியது, இனங்கள் ஒன்றோடொன்று கலந்து பன்மையே மங்கியது.

வீட்டுத் தொட்டியிலும் அதுதான் நடக்கிறது. 'மிக்ஸ் ஆப்பிரிக்கன்' என்று ஒரே கூடையில் பத்து இனங்களை வாங்கி விட்டால், தன் இனத்து ஆண் இல்லாத பெண் கிடைத்த ஆணோடு சேரும். பிறக்கும் குஞ்சுகள் வளரும், இனப்பெருக்கமும் செய்யும். ஆனால் அவை எந்த ஏரிக்கரையையும் சேர்ந்தவை அல்ல. பழுப்பும் சாம்பலுமாக நிறம் கலங்கிய அந்த மீன்களைப் பெயர் ஒட்டி விற்றுவிட்டால் அடுத்த வளர்ப்பாளரின் சுத்தமான வம்சமும் கெடும். இயற்கையிலும் கலப்பு நடந்திருக்கிறதே என்று கேட்கலாம். நடந்திருக்கிறது, விக்டோரியாவில் இத்தனை இனங்கள் பெருகியதே பழைய கலப்பு ஒன்றிலிருந்து தொடங்கியது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே கலப்புக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஏரியின் ஒவ்வொரு மூலையும் சலித்து எடுத்தது. தொட்டியில் சலிப்பதற்கு யாருமில்லை. ஆகவே ஒரு தொட்டியில் ஒரு பேரினத்துக்கு ஓர் இனம் என்று வைத்துக்கொள்வதும், எந்த ஈட்டுக்குத் தாய் தந்தை எது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பதும் வளர்ப்பவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

இந்தக் கடமை எவ்வளவு பெரியது என்பதை ஜிலேபி மீன் சொல்லும். பெரம்பலூர் சந்தையிலும் அரியலூர் சந்தையிலும் துள்ளத் துள்ளக் கிடைக்கிற ஜிலேபிக் கெண்டை ஓர் ஆப்பிரிக்க சிக்லிட். ஓரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான புரதம் என்ற நல்ல நோக்கத்தில் குளங்களிலும் அணைகளிலும் விட்டார்கள். அமராவதி, வைகை, கிருஷ்ணகிரி நீர்த்தேக்கங்களில் அது மற்ற மீன்களை ஓரங்கட்டிப் பெருகிற்று. சில மாதங்களிலேயே பருவத்துக்கு வந்துவிடும். உப்பையும் வெயிலையும் தாங்கும். முட்டையை வாயில் சுமக்கும். இங்கே இப்படி. தன் தாய்நிலமான தெற்கு ஆப்பிரிக்க ஆறுகளிலோ இதே மீன் இன்று அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. பண்ணைகளுக்காகக் கொண்டுவந்து தப்பிய நைல் திலாப்பியாவோடு கலந்து கலந்து, அசல் வம்சம் கரைந்துகொண்டிருக்கிறது. ஒரே மீன், இங்கே படையெடுப்பாளன், அங்கே படையெடுப்புக்கு இரை. இரண்டுக்கும் காரணம் மனிதன் ஒரு நீரின் மீனை எடுத்து இன்னொரு நீரில் விட்டது.

வளர்த்தவர்கள் அலுத்துப்போய் விட்ட டேங்க் கிளீனர் மீன்கள் தமிழ்நாட்டு ஏரிகளில் இப்போது வலை வலையாகச் சிக்குகின்றன, வலையையும் கிழிக்கின்றன. மலாவி சிக்லிட்டுகள் நம் கலங்கல் ஏரிகளில் அந்த அளவுக்குப் பெருகுமா என்று சோதித்துப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. இந்த வட்டாரத்தின் வெப்பமும் காரமும் அவற்றுக்குப் பொருந்துகின்றன என்பதைத்தானே இவ்வளவு நேரம் பார்த்தோம். அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி சுமார் 450 ஹெக்டேர் பரப்பில் விரிந்த பறவைகள் சரணாலயம். 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வாய்க்கால்கள் ஏரிக்கு ஏரி இணைக்கும் நாடு இது. ஒரு குட்டையில் விட்டது ஒரே மழையில் எங்கேயும் போகலாம். முட்டையை வெளியே இட்டுவிடும் மீன் என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்து தப்ப வேண்டும். வாயில் அடைகாக்கும் மீனுக்கு அதுகூட வேண்டாம். முட்டை வைத்திருக்கும் ஒரு தாய் தப்பினால் ஒரு குடும்பமே தப்பியதாகும்.

மாடியிலோ கொல்லையிலோ சிமென்ட் தொட்டி கட்டி வளர்ப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் தொட்டியின் வாயில் கொசுவலையை இழுத்துக் கட்டி, வழிந்தோடும் குழாய்க்கும் வலைமூடி போட்டுவிட வேண்டும். மாற்றும் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றலாம். நைட்ரேட் அதற்கு உரம். வேண்டாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கும் இன்னொருவரிடம். இரண்டும் முடியாதபோது கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் அமைதியாக முடித்து மண்ணில் புதைத்துவிடுவதுதான், கேட்கக் கடினமாக இருந்தாலும், சரியான வழி.